நாபாவில் ஒரு நாள்: ஐந்து ஒயினரியா, இரண்டா?

தென்கரை:
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கலிஃபோர்னியாவில் ஒயினுக்குப் பெயர்போன நாபா பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஃபிரீமாண்டிலிருந்து நானும் மனைவியும். சென்னையிலிருந்து வரும் மைத்துனரும் அவர் மனைவியும். மைத்துனரின் மனைவி குடிப்பதில்லை. ஓடாமல் ஆடாமல் ஒரு நாள் வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. என் திட்டம் ஐந்து ஒயினரி, அதாவது ஒயின் தயாரித்துச் சுவைக்கவும் தரும் ஐந்து இடங்கள்: பத்து மணிக்குக் கார்னெரோஸ், பதினொன்றரைக்கு ஸ்டாக்ஸ் லீப் பகுதி, ஒரு மணிக்கு ஓக்வில், இரண்டரைக்கு செயின்ட் ஹெலினா, நான்கு மணிக்குக் கலிஸ்டோகா. தெற்கிலிருந்து வடக்கே நேர்கோடு. குறை இருந்தால் சொல்லுங்கள்.

நிதானன்:
படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. மதியச் சாப்பாட்டையே காணோமே! கவுன்ட்டர் அருகே நின்றபடி நாலு மிடறு குடித்துவிட்டு நடையைக் கட்டுகிற காலமெல்லாம் நாபாவில் மலையேறிவிட்டது. இப்போது பெரும்பாலும் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக ஊற்றி, தோட்டத்தின் கதையைச் சொல்லி அனுப்புவார்கள். ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஆகும். பதினொன்றரைக்கு ஸ்டாக்ஸ் லீப்பில் இருக்க வேண்டுமானால் கார்னெரோஸில் மூன்றாவது ஒயின் வரும்போதே எழுந்து ஓட வேண்டும். சனிக்கிழமையன்று 29ஆம் எண் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? எதிரே வரும் கார் வரிசை முடியவே முடியாது. என் கட்சி: இரண்டு ஒயினரி, நடுவில் நீண்ட சாப்பாடு.

வடதிசை:
நிதானன் நினைத்தால் அடுத்த வாரமும் போவார். சென்னையிலிருந்து வருகிறவர் மறுபடி எப்போது வரப்போகிறார்? பள்ளத்தாக்கின் நீளமே ஏறத்தாழ 30 மைல்தான். தென்முனையிலிருந்து வடமுனை வரை போனால்தான் அதன் விசேஷம் பிடிபடும். வடக்கே போகப் போகக் குளிரும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து வரும் காற்றும் மூடுபனியும் கார்னெரோஸைக் குளிர்வித்துவிடுகின்றன. அதனால் அங்கே பினோ நுவார், ஷார்டனே என்ற திராட்சை வகைகள். கலிஸ்டோகாவில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அங்கே கபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை நன்றாகப் பழுக்கும். ஒரே நாளில் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் என்ன நாபா?

கலிஃபோர்னிய ஒயினும் பிரெஞ்சு ஒயினும் மோதிய 1976 பாரிஸ் போட்டியையும் மறந்துவிடாதீர்கள். எது யாருடைய ஒயின் என்று தெரியாமலே பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தார்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸின் 1973 கபர்னேயும், வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனாவின் 1973 ஷார்டனேயும் முதலிடம் பெற்றன. ஒன்று தெற்கே, மற்றது வடகோடியில். ஊரிலிருந்து வந்தவருக்கு இரண்டையும் காட்ட வேண்டாமா?

செம்மண்:
போட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். மான்டலீனாவின் அந்த ஷார்டனேக்குப் போன திராட்சையில் பெரும்பகுதி பக்கத்து மாவட்டமான சொனோமாவில் விளைந்தது. பெயர் நாபாவுக்கு, பழம் எங்களுடையது. சொனோமா ஊரில் காரை ஒரு முறை நிறுத்தினால் போதும். சதுக்கத்தைச் சுற்றியே சுவைப்புக் கூடங்கள் இருக்கின்றன, நடந்தே போகலாம். ஒரு மூலையில் 1823இல் நிறுவிய கத்தோலிக்க மிஷன் தேவாலயம். குடிக்காதவருக்கும் பொழுது போகும்.

கணக்குப்பிள்ளை:
ஐந்து ஒயினரிக் கட்சிக்கு ஒரு கணக்கு. ஓரிடத்தில் ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 45 மி.லி. என்று வையுங்கள். மொத்தம் 225 மி.லி. அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 12 சதவீத ஒயினில் 148 மி.லி. நாபா கபர்னே 14.5 சதவீதம் இருப்பது சர்வசாதாரணம். ஆக, ஓரிடத்துக்கு ஏறத்தாழ 1.8 டிரிங்க். ஐந்து இடத்துக்கு ஒன்பது. காரை யார் ஓட்டுவது? கலிஃபோர்னியாவில் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.08 சதவீதம், அதற்குக் குறைவாக இருந்தாலும் ஓட்டத்தில் தடுமாற்றம் தெரிந்தால் வழக்குப் போடலாம். குடிக்காத விருந்தாளியை ஓட்டச் சொல்லும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். சென்னையில் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர், இங்கே வந்த சூட்டோடு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டுமா?

வடதிசை:
மேசை மேல் துப்புவதற்கென்று ஒரு கிண்ணம் வைக்கிறார்களே, அது அழகுக்கா? தொழில் தெரிந்தவர்கள் ஒரு நாளில் ஐம்பது ஒயின்கூடச் சுவைக்கிறார்கள். பல இடங்களில் ஒரு சுவைப்பை இருவர் பகிர்ந்துகொள்ளவும் விடுகிறார்கள். உங்கள் ஒன்பது அங்கேயே பாதியாகிவிடும்.

நிதானன்:
ஐம்பது டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு வாயில் விட்டதைத் துப்புகிற நம் ஆள் ஒருவரைக் காட்டுங்கள், நான் இந்த விவாதத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். அப்படியே துப்பினாலும், இளம் கபர்னேயின் துவர்ப்பு ஈறெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது இடத்துக்குப் பிறகு கார்னெரோஸ் எது, கலிஸ்டோகா எது என்று கேட்டால் உங்களுக்கே தெரியாது. எல்லாம் சிவப்பு என்பீர்கள்.

லிவர்மோர்வாசி:
ஃபிரீமாண்டுக்காரர் நாபா வரை ஏன் போக வேண்டும்? லிவர்மோர் என்றாலே நம்மவருக்குச் சிவா விஷ்ணு கோயில்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரைச் சுற்றிலும் ஒயினரிகள் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வென்டே, கான்கேனன் இரண்டுமே 1883இல் தொடங்கியவை. நாபாவைவிடக் கட்டணம் குறைவு. அரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம்.

வடதிசை:
சென்னையிலிருந்து வந்தவரிடம் “நாபா தூரம், அதனால் லிவர்மோர்” என்று சொல்லிப் பாருங்கள். ஊருக்குப் போய் அவர் யாரிடம் என்ன சொல்வார்?

பவளமல்லி:
எல்லோரும் குடிப்பவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். தென்கரை அண்ணா, ஒரு கூட்டத்தோடு போய் நாள் முழுக்கத் தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். முதல் இடம் அழகாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. அதற்குப் பிறகு ஓக் பீப்பாய் பற்றிய அதே உரையை வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. குடிக்காதவருக்கும் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு, முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்காக ஓரிடம் தேர்ந்தெடுங்கள் என்றால், கலிஸ்டோகா அருகே உள்ள காஸ்தெல்லோ தி அமரோசா. டஸ்கனிப் பாணியில் 107 அறைகளோடு கட்டிய கோட்டை. 2007இல்தான் திறந்தார்கள் என்றால் நம்ப முடியாது. அகழி, கோபுரம், சித்திரவதைக் கூடம் என்று சுற்றிப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஒயின் ரசிகர்கள் அதைச் சினிமா செட் என்று ஏளனம் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

சைவச் சாப்பாட்டையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். ஒயினரிகள் உணவகம் நடத்த மாவட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை; வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதத்துக்கும் பல இடங்களில் தடை. செயின்ட் ஹெலினா கடைத்தெருவில் உட்கார்ந்து சாப்பிடுவது உத்தமம்.

நிதானன்:
பவளமல்லி சொன்னதை வைத்தே திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். காலையில் சாலை காலியாக இருக்கும்போதே வடகோடிக்குப் போய்விடுங்கள். கோட்டை, பிறகு செயின்ட் ஹெலினாவில் இரண்டு மணி நேரம் சாப்பாடு. பிறகு கிழக்குப் பக்கமாகச் சில்வராடோ டிரெயில் வழியே இறங்குங்கள். 29ஆம் சாலையைப் போலவே தெற்கு வடக்காகப் போகும் சாலை அது. ஆனால் ஊர்களுக்குள் நுழையாது, இருபுறமும் திராட்சைக் கொடிதான். மூன்று மணிக்கு ஸ்டாக்ஸ் லீப் பகுதியில் கடைசி நிறுத்தம். அங்கிருந்து வீட்டுப் பாதை. வடதிசை கேட்ட வடக்கும் தெற்கும் இதில் வந்துவிடுகின்றன.

வடதிசை:
கார்னெரோஸ் வரவில்லையே! குளிர்ப் பகுதியைத் தொடாமல் வெயில் பகுதியை மட்டும் சுற்றினால் எதோடு எதை ஒப்பிடுவது? காலையில் எப்படியும் கார்னெரோஸ் ஓரமாகத்தான் போகிறீர்கள். பத்து மணிக்கு அங்கே ஒரே ஒரு கோப்பை நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின், அதுவும் வெளித் திண்ணையில் உட்கார்ந்து. முக்கால் மணி நேரம் போதும். மூன்றுக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

தென்கரை:
வீட்டில் இரண்டு கட்சிகளையும் படித்துக் காட்டினேன். மைத்துனருக்கு வடதிசையைப் பிடித்துவிட்டது. பெண்கள் இருவரும் நிதானன் பக்கம். கோட்டை, செயின்ட் ஹெலினா சாப்பாடு, ஸ்டாக்ஸ் லீப் என்று முடிவாகிவிட்டது. கார்னெரோஸுக்கு இடமில்லை. 1990இல் வந்த மாவட்ட விதிப்படி, அதன் பிறகு தொடங்கிய ஒயினரிகளில் முன்பதிவு கட்டாயமாமே, இன்றே போட்டுவிடுகிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன், கோட்டையில் இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு சந்தேகம்: சாப்பாட்டில் திறந்த பாட்டில் மீந்தால் காரில் எடுத்துவரலாமா?

கணக்குப்பிள்ளை:
உணவகத்தில் கேட்டால் மூடித் தருவார்கள். டிக்கியில் வையுங்கள். திறந்த பாட்டில் இருக்கைப் பக்கம் இருந்தால், ஓட்டுபவர் ஒரு சொட்டுக் குடிக்காவிட்டாலும் அபராதம். அக்டோபர் வெயிலில் டிக்கி கொதிக்கும். புதிதாக வாங்கும் பாட்டில்களுக்கு ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள்.

வடதிசை:
அந்த ஐஸ் பெட்டியில் கார்னெரோஸ் ஷார்டனே ஒன்றாவது வாங்கி வையுங்கள். மைத்துனர் வீட்டிலாவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.