மெயில் ஆர்டர் பார்மசி கால் சென்டரில் டெக்னீஷியன் வேலை, சேரலாமா?

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சியில் 2014இல் பி.பார்ம் முடித்தேன். கல்யாணமாகி டாலஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஹெச்4 ஈஏடி (கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்களுக்கான வேலை அனுமதி) இப்போதுதான் கைக்கு வந்தது. பார்மசிஸ்ட் ஆகலாம் என்று விசாரித்தால் வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்பிஜிஈஈ தேர்வில் உட்காரவே வழியில்லை. 2003க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு வேண்டுமாம், நம்முடையது நான்கு. சரி என்று பிடிசிபி என்ற அமைப்பின் தேர்வு எழுதி, பார்மசிஸ்டுக்கு உதவியாக இருக்கும் டெக்னீஷியன் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இப்போது, மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஒரு மெயில் ஆர்டர் பார்மசியின் கால் சென்டரில் ஆஃபர் வந்திருக்கிறது, ஆறு வாரப் பயிற்சி, அப்புறம் வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து மருந்துக் கடையிலும் கூப்பிடுகிறார்கள். போனில் வேகமாகப் பேசினால் எனக்குப் புரியுமா, நான் பேசுவது அவர்களுக்குப் புரியுமா என்று பயமாக இருக்கிறது. மருந்து படித்துவிட்டு நாள் முழுக்கப் போன் எடுப்பதா என்று அம்மா வேறு வருத்தப்படுகிறார். இந்த வேலையில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
நான் நான்கு வருஷமாக இதே வேலையில்தான் இருக்கிறேன். பேச்சைப் பற்றிப் பயப்படாதீர்கள். கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள், பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது, நிதானமாகப் பேசுகிற ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். மருந்துப் பெயரில் மட்டும் கவனம் வேண்டும். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, போனில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எதற்காகச் சாப்பிடுகிறார் என்றும் கேட்டுவிடுங்கள். நாம் படித்த பெயர்களும் இங்கே மாறும், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் ஆகிவிடும், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால்.

போன் எடுத்ததும் பெயர், பிறந்த தேதி, விலாசம் சரிபார்க்காமல் ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது, மனைவியே கேட்டாலும் கணவரின் அனுமதி பதிவில் இருக்க வேண்டும். அப்புறம் வருவதெல்லாம் என் மருந்து எங்கே, ஏன் இவ்வளவு விலை, ரீஃபில் (அதே சீட்டுக்கு மறுபடி தரும் மருந்து) ஏன் தரவில்லை என்பதுதான். 90 நாள் மருந்து மொத்தமாகப் போவதால் ஒரு பெட்டி தொலைந்தால் மூன்று மாதத்து மாத்திரையும் போய்விடும். டாக்டர் ஆபீசிலிருந்து பதில் வராமல் நிற்கும், இன்சூரன்ஸ் முன் அனுமதி கேட்டு நிற்கும், ஆனால் திட்டு வாங்குவது நாம்தான்.

ஒருமுறை ஒரு தாத்தா கூப்பிட்டார், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கையில் இரண்டுதான் பாக்கி, பெட்டி எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய ஊர்க் கடையில் சில நாளுக்கு மட்டும் வாங்கிக்கொள்ள இன்சூரன்ஸிடம் அனுமதி வாங்கி, டாக்டர் ஆபீசைப் பிடித்து அந்தக் கடைக்கு ஒரு சிறு மருந்துச்சீட்டு அனுப்ப வைத்து, கடைக்காரர் தயார் என்று சொல்லும்வரை நான் லைனை விடவில்லை, நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. கால் நேரம் கூடிப்போனதென்று அந்த வாரம் என் மார்க் குறைந்தது. இன்றைக்கும் அப்படி ஒரு கால் வந்தால் அதையேதான் செய்வேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மருந்து தெரிந்தவள் எடுத்ததால்தான் அது எவ்வளவு அவசரம் என்று புரிந்தது.

வெள்ளைக்கோட்டு:
நான் பார்மசிஸ்ட், இப்படிப்பட்ட டெக்னீஷியன்கள் மாற்றிவிடும் கால்களை எடுப்பவன். பி.பார்ம் படித்தவர்கள் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான், பதில் தெரிந்திருக்கும், ஆனால் சொல்லக் கூடாது. மெட்ஃபார்மின் ஆரம்பித்ததிலிருந்து வயிறு கலக்குகிறது, சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று கேட்டால் உங்களுக்குப் பதில் நுனி நாக்கில் நிற்கும். மருந்து ஆலோசனை பார்மசிஸ்டின் வேலை, டெக்னீஷியன் சொன்னால் அது சட்டப்படி தவறு, உங்கள் பதிவே போகலாம். எங்களிடம் மாற்றிவிடுங்கள்.

அதற்காகப் படித்தது வீண் என்று நினைக்காதீர்கள். ரீஃபில் கேட்கிறவர் போகிற போக்கில் இரண்டு நாளாக எழுந்தால் தலை சுற்றுகிறது என்பார். படிக்காத காது அதை விட்டுவிடும். உங்கள் காது பிடிக்கும், புது பிபி மாத்திரை, தலைசுற்றல் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு எனக்குக் கொடுத்தால் போதும். நெஞ்சுவலி என்றால் எனக்குக்கூட வேண்டாம், உடனே அவசர உதவி எண் 911.

மேல்மாடிக்காரன்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒன்றரை வருஷம் கால் சென்டரில் இருந்துவிட்டு இப்போது கடைக் கவுன்டரில் இருக்கிறேன். அங்கே பாத்ரூம் போவதற்குக்கூட நிமிடக் கணக்கு, ஒரு கால் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது விழும். கடையில் கால் கடுக்க நிற்க வேண்டும், வரிசை குறையாது, ஆனால் மாத்திரையைக் கையில் பார்க்கலாம், எண்ணிப் போடலாம், ஆட்களின் முகம் தெரியும். முதலில் ஒரு வருஷம் கடையில் இருந்துவிட்டுப் போனுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. குழந்தை சின்னது என்றால் மட்டும் வீட்டு வேலை வசதி, அதற்கும் கதவு பூட்டிய தனி அறை கேட்பார்கள்.

காவேரிக்கரை:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பையனுக்கு மூன்று வயது, அதனால் வீட்டு வேலை பக்கம்தான் மனசு சாய்கிறது. செம்பருத்தி அக்கா, பயிற்சி நவம்பரில் ஆரம்பம் என்கிறார்கள், அது சரியான நேரமா?

செம்பருத்தி:
கஷ்டமான நேரம் தங்கச்சி. மெடிகேர் (வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, நீங்கள் பயிற்சி முடித்து லைனுக்கு வரும்போது ஜனவரி பிறந்திருக்கும். புது கார்டு, புது இன்சூரன்ஸ், பலருக்குக் கழிவுத்தொகை (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) மறுபடி முதலிலிருந்து, போன மாதம் பத்து டாலர் இந்த மாதம் ஏன் நூறு என்று காலையிலிருந்து கேட்பார்கள். பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கும் அடுத்த பேட்ச் இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் சேருங்கள், ஆனால் பயிற்சிக்குப் பிறகு முதல் சில வாரம் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை உட்கார வைத்துக் கேட்க விடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். டெக்சாஸ் பார்மசி போர்டு பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள்.