நடவுப் பாட்டுப் பதிவுகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

உறவுகளே, வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கும் எங்கள் கூரை வீடு போன வாரம் மின்கசிவில் எரிந்துபோனது. அம்மாவும் பிள்ளைகளும் நலம். உயிர் தப்பியதே பெரிது என்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் கண்ணை மூடினால் கூரை மூங்கில் வெடிக்கும் சத்தம்தான் கேட்கிறது.

இப்போது கேட்பது பாடல்களுக்காக. எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் கிணறுகளை எதிர்த்து, நடவு நடும் அக்காமார் பாடியதைப் பறையோடு சேர்த்து இணையத்தில் ஏற்றிவந்தோம். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லையே! இணையத்தில் இருப்பவை சிறு துண்டுகள்தாம். முழுப் பாடல்களைக் குழுக்களில் மட்டுமே பகிர்ந்தோம். மூலப்பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கின் உறை உருகி, டிரங்குப் பெட்டியின் அடித்தகட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. பாடியவர்களில் இரண்டு பாட்டிமார் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் குரலையாவது மீட்டாக வேண்டும்.

இறக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஒலித்தரம் குறையாது. குலவையோடு தொடங்கும் நீளமான பாடல் அரைகுறையாக இருந்தாலும் வேண்டும். தீப்பட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டுத் தருபவர்கள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கிறார்களா? அதற்கு இன்னும் மின்இணைப்புக் கொடுத்துப் பார்க்கவில்லை. பறைகளும் எரிந்துவிட்டன; வேப்பஞ்சட்டத்தில் தோல் கட்டித் தருபவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். பணம் அனுப்ப வேண்டாம், வீட்டை ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள்.