‘கைனடிக் இனர்ட்னெஸ்’: ‘விடுமந்தம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஓர் உலோக அயனியைப் பிடித்திருக்கும் மூலக்கூறு அதை மெதுவாகவே விடும் பண்பை ஆங்கிலத்தில் ‘கைனடிக் இனர்ட்னெஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

“பாடநூலில் ‘நிலைப்புத்தன்மை’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?” என்று நேற்றைய மடலில் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் என் மருந்துக் கட்டுரையை அந்தச் சொல்லை வைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். செம்பு-64 என்ற கதிரியக்கச் செம்பு வந்த இடத்தில் அது கைகொடுக்கவில்லை.

செம்பு-64இன் அரைவாழ்வு 12.7 மணி. பாசிட்ரான் உமிழ்வதால் பெட் ஸ்கேனில் புற்றுக்கட்டியைக் காட்ட உதவுகிறது. வெறும் செம்பு அயனியாக ஊசியில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் டோட்டா, டெட்டா போன்ற பெருவளைய ஈனிக்குள் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் வளைய மூலக்கூறு) அடைத்து, கட்டியைத் தேடிப் போகும் பெப்டைடோடு (சிறு புரதத்துண்டு) கோத்து அனுப்புகிறார்கள். செம்பும் ஈனியும் சேர்ந்த இவ்விரு அணைவுகளின் நிலைப்புத்தன்மை மாறிலியும் 10இன் அடுக்கு 20ஐத் தாண்டும். எண்ணைப் பார்த்தால் செம்பு வெளியே வர வழியே இல்லை. ஆனால் எலிகளில் பார்த்தபோது, டெட்டாவிலிருந்து கழன்ற செம்பு கல்லீரலில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மாறிலி சமநிலைக் கணக்கு. செம்பும் ஈனியும் குடுவையில் இருந்தால் கடைசியில் எவ்வளவு சேர்ந்திருக்கும், எவ்வளவு பிரிந்திருக்கும் என்பதை மட்டுமே சொல்லும். இடையில் செம்பு எத்தனை முறை வெளியே போய்வந்தாலும் கணக்கு மாறாது. உடலுக்குள் அப்படியில்லை. ஒருமுறை வெளியே வந்தால் போதும், பிடித்துக்கொள்ளப் புரதங்கள் சுற்றிலும் இருக்கின்றன. ஆக, நமக்கு வேண்டியது ‘எவ்வளவு பிடித்திருக்கிறது’ அன்று. ‘எவ்வளவு மெதுவாக விடுகிறது’.

இதை அமிலத்தில் சோதிக்கிறார்கள். 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 90 டிகிரி செல்சியஸ். டோட்டா அணைவில் பாதி 3 நிமிடத்துக்குள் சிதைந்துவிடுகிறது, டெட்டாவுக்கு 4.5 நிமிடம். வளையத்தின் குறுக்கே எத்திலீன் பாலம் போட்ட சிபி-டிஇ2ஏ அணைவுக்கோ 154 மணி! இரத்தம் கொதிக்கும் அமிலமன்று என்பது உண்மைதான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவுகிறது.

1952இலேயே வேதியியலர் ஹென்றி டௌபே இந்த இரண்டு பண்புகளையும் பிரித்துக் காட்டிவிட்டார். தமிழில் நாம் இன்னும் ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். மருந்து பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் எனக்கு உறுத்துகிறது.

இந்த இரண்டாவது பண்புக்கு முன்பு வந்த ‘வேகவியல் மந்தத்தன்மை’ பிழையில்லை. ஆனால் ‘மந்த வாயு’வைப் படித்த மாணவர், எதனோடும் சேராத பொருள் என்றே நினைப்பார். இங்கே நடப்பதோ நேர் எதிர். இறுகச் சேர்ந்திருக்கிறது, விடத்தான் தாமதம். ஈனி உலோகத்தைப் பல இடங்களில் கவ்விப் பிடிப்பதைக் குறிக்க, கிரேக்க மொழியின் நண்டுக்கொடுக்கிலிருந்து 1920இல் பிறந்த ‘கீலேட்’டுக்கு நம் பாடநூல் ‘கொடுக்கிணைப்பு’ என்று அழகாக வைத்திருக்கிறது. அந்த வழியில் ‘உடும்புப்பிடி’யை நினைத்தேன். ஆசையான சொல்தான், ஆனால் அதற்கு எதிர்ச்சொல் ஆக்க வராது.

‘விடுமந்தம்’ என்பது என் முன்மொழிவு. விடுகதை, விடுமுறை போல வினைத்தொகை. எதிர்ச்சொல் ‘விடுவிரைவு’. “டெட்டா அணைவு நிலைப்பு மிக்கது, ஆனால் விடுமந்தம் குறைந்தது” என்று எழுத முடிகிறது.

*

அம்மா, வணக்கம். பண்புகள் இரண்டு, சொல்லும் இரண்டு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ‘மந்தம்’தான் இடிக்கிறது. வயிற்று மந்தம், மந்தபுத்தி என்று குறையைச் சொல்லவே அது பழகிவிட்டது. நோயாளிக்கு நன்மை செய்யும் பண்புக்கு ‘விடாமை’ எனலாமே? அந்த 154 மணிக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘அரைவாழ்வு’ என்றால் கதிரியக்கத்தின் 12.7 மணியோடு கலந்துவிடும்.

*

ஐயா, ‘விடாமை’ என்றால் விடவே விடாது என்றாகிவிடும். சிபி-டிஇ2ஏயும் விடத்தான் செய்கிறது. கூட்டிக் குறைத்துச் சொல்ல இடம் தரும் சொல்லாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நீங்கள் சொன்னது மிக முக்கியம். நான் கவனிக்கவே இல்லை. ‘அரைவிடுநேரம்’ என்று வைத்துப் பார்த்தேன்: “செம்பு-64இன் அரைவாழ்வு 12.7 மணி, இந்த அணைவின் அரைவிடுநேரம் அமிலத்தில் 154 மணி.” இரண்டும் ஒரே வரியில் வந்தும் மோதவில்லை. இதைக் கட்டுரையில் இன்றே சேர்க்கிறேன். ‘மந்தம்’ உறுத்துகிறவர்கள் ‘விடு’வை வைத்துக்கொண்டு பின்பாதிக்கு மட்டும் வேறு சொல் தாருங்கள்.