வண்டில கேஸ் வாடை வருது, டிடெக்டர் ராத்திரி கத்துது, ஊட்டில அடுப்பு எரிய மாட்டேங்குது – யாராச்சும் பாத்து சொல்லுங்க

சக்கரவீடு_கோவை

வணக்கம்ங்க எல்லாருக்கும். போன வருசம் ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, பின்னாடி சீட்டெல்லாம் கழட்டிட்டு ரெண்டு பெட்டு, சின்ன கிச்சன், பாத்ரூம்னு பட்டறைல குடுத்து வீடு மாதிரி பண்ணி வச்சிருக்கோம். நானு, வீட்டுக்காரி, ஆறு வயசு பையன், எங்கம்மா. ராமேஸ்வரம் போயிட்டு வந்தப்ப ஒரு தொந்தரவும் இல்ல, ஊட்டிக்கு ரெண்டு தடவை போனோம் ரெண்டு தடவையும் கேஸ் விசயத்துல உசுரை வாங்கிருச்சு.

கிச்சன் மேடைக்கு கீழ ஒரு பெட்டில 5 கிலோ சிலிண்டர், அதுல இருந்து டி ஜாயிண்ட் போட்டு ஒரு லைன் ரெண்டு பர்னர் அடுப்புக்கு, இன்னொரு லைன் பாத்ரூம்ல இருக்கற கேஸ் கீசருக்கு. மேல கூரை ஓரத்துல கேஸ் டிடெக்டர் மாட்டியிருக்கு, அதுக்கு பக்கத்து அலமாரிலதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும்.

கோத்தகிரி வழியா மலை ஏறும்போது வளைவுல எல்லாம் லேசா கேஸ் வாடை வருது, நிறுத்தி மோந்து பாத்தா இல்ல. மேல போய் அடுப்பை பத்த வச்சா சில சமயம் தீ குபீர்னு ஒரு அடி எகிறுது, அப்பறம் தானா அடங்குது. காலைல ஆனா நேர்மாறு, பால் காயவே அரைமணி நேரம் ஆகுது, தீ மஞ்சளா சோம்பேறியா எரியுது. இது பத்தாதுன்னு ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு டிடெக்டர் கத்துது, எந்திரிச்சு பாத்தா துளி வாடை கிடையாது. இப்ப எதை நம்பறது எதை விடறதுன்னே தெரியல.

வேற ஒண்ணும் பெருசா இல்ல. அம்மாவுக்குத்தான் மலை ஒத்துக்கல, காலைல தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, பித்தம்னு இஞ்சி கசாயம் வச்சு குடுத்தோம்.

ரோடுராஜா

ஹோஸை பாருங்க பாஸ் முதல்ல. ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா ஹோஸ்தானா இல்ல பட்டறைக்காரன் கிடைச்ச பச்சை ட்யூபை சொருகி விட்டுட்டானா? சுரக்‌ஷாவா இருந்தா அதுமேலயே வருசம் போட்டிருக்கும், அஞ்சு வருசம் வரைக்கும்தான் அதுக்கு கணக்கு. சிலிண்டர் வாய்க்குள்ள ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும், அது வெடிச்சிருந்தாலும் வாடை வரும். சோப்புத் தண்ணி கலக்கி பிரஷ்ல தடவி பாருங்க, முட்டை விட்டா அங்கதான் லீக்கு. தீக்குச்சி கிழிச்சு பாக்கற வேலை மட்டும் வேணாம், எங்க பெரியப்பா அப்படி பாத்து மீசையை இழந்தவரு.

இண்டக்‌ஷன்_இளங்கோ

கேஸே வேணாம் சகோ, ஒரு நல்ல லித்தியம் பேட்டரி, ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ், முடிஞ்சது கதை.

ரோடுராஜா

லித்தியம் பேட்டரி வெலையை நீங்க கட்டறீங்களா சகோ 😄

அடுப்புக்கடை_அண்ணாச்சி

தம்பி, நான் முப்பது வருசமா அடுப்பு ரிப்பேர் பாக்கறவன். தீ குபீர்னு எகிறுதுன்னு எழுதியிருக்கியே, அதுதான் எனக்கு உறுத்துது. ஹோஸ் லீக்குல தீ எகிறாது. சிலிண்டரை எப்படி வச்சிருக்க? நிக்குதா படுத்திருக்கா?

சக்கரவீடு_கோவை

படுக்க வச்சிருக்கோம் அண்ணாச்சி. பெட்டி உயரம் பத்தல, மேல சிங்க் வருது. பட்டறைல ஒண்ணும் ஆகாதுன்னாங்க.

அடுப்புக்கடை_அண்ணாச்சி

ஒண்ணும் ஆகாதா! நல்லா வாயில வருது எனக்கு, பொம்பளைங்க படிப்பாங்கன்னு அடக்கிக்கிறேன்.

கேட்டுக்கோ. சிலிண்டருக்குள்ள இருக்கறது தண்ணி மாதிரி திரவம், மேல உள்ள காலி இடத்துலதான் ஆவி. நிக்க வச்சா ரெகுலேட்டருக்கு ஆவி மட்டும் போகும். படுக்க வச்சா திரவமே நேரா வாய்க்கு வந்துரும், வளைவுல வண்டி சாயும்போது கேக்கவே வேணாம். ஒரு பங்கு திரவம் ஆவியாச்சுன்னா ஏறக்குறைய 250 பங்கா விரியும். உன் ரெகுலேட்டர் 30 மில்லிபார் பக்கம் ஆவியை அளந்து விடத்தான் செஞ்சிருக்கு, திரவத்தை தாங்க இல்ல. அதனாலதான் தீ எகிறுது. அந்த ரெகுலேட்டரை இனி நம்பாத, மாத்திரு. வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை ஆஃப் பண்றியா?

சக்கரவீடு_கோவை

...இல்ல அண்ணாச்சி. அடுப்பு நாப் மட்டும் ஆஃப் பண்ணுவோம்.

அடுப்புக்கடை_அண்ணாச்சி

அப்ப லைன் பூரா பிரஷர்ல நிக்க, நீ கொண்டை ஊசி வளைவுல குலுக்கிக்கிட்டே போயிருக்க. சரி, நடந்தது நடந்துருச்சு. 2023 ஆகஸ்ட்ல மதுரை ஸ்டேசன்கிட்ட நிறுத்தி வச்சிருந்த சுற்றுலா ரயில் பெட்டில சிலிண்டர் வச்சு சமைக்கப் போயி ஒம்பது பேர் போனாங்களே, அது ஞாபகம் இருக்கட்டும். அடைச்ச பெட்டிக்குள்ள நெருப்பு புடிச்சா கதவைத் தேடக்கூட நேரம் இருக்காது.

லண்டன்_வான்காரன்

தம்பி, மற்ற எல்லாத்தையும் ஒருக்கா தள்ளி வையுங்கோ. அம்மாவுக்கு தலையிடி எண்டு கடைசியில ஒரு வரி எழுதியிருக்கிறீங்கள், எனக்கு அதை வாசிக்கத்தான் நெஞ்சு திக்கெண்டது. நான் இங்க பதினொரு வருசமா மோட்டர்ஹோம் வச்சிருக்கிறன். அந்த கீசருக்கு புகை வெளியால போக குழாய் இருக்கோ? அம்மா குளிச்ச பிறகோ தலையிடி வந்தது? பிள்ளைக்கும் ஏதும் இருந்ததோ?

சக்கரவீடு_கோவை

குழாய் இல்லைங்க, கீசர் பாத்ரூம் சுவத்துல சும்மா மாட்டியிருக்கு. குளிர்னு ஜன்னலை நாங்கதான் சாத்தி வச்சிருந்தோம். இப்ப வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், பையனும் காலைல மந்தமா சோறு வேண்டாம்னு இருந்தானாம், வெளிய தோட்டத்துல கொஞ்ச நேரம் விளையாடினதும் சரியாயிட்டானாம். ராமேஸ்வரத்துல கீசரை தொடவே இல்ல, பச்சத் தண்ணிலதான் குளிச்சோம். ஆனா டிடெக்டர் இருக்குங்களே, ஏதாவதுன்னா அது கத்தியிருக்கணும்ல? குளிக்கற நேரத்துல ஒரு தடவை கூட கத்தலையே?

லண்டன்_வான்காரன்

அதுதான் பிழை விளங்கிற இடம். உங்கட டிடெக்டர் எரியாத காஸைத்தான் பிடிக்கும். இது எரிஞ்ச காஸில இருந்து வாற கார்பன் மோனாக்ஸைடு. அதுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரிவும் இல்லை. காஸுக்கு நாத்தம் வேணுமெண்டே ஒரு மருந்து கலக்கினம், அது எரிஞ்சு போச்செண்டால் நாத்தமும் போச்சு. ரத்தத்தில ஒக்சிஜன் ஒட்டுற இடத்தில இது 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும். தலையிடி, சத்தி, மந்தம் – காய்ச்சல் இல்லாமல் ஒரே வாகனத்தில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில வந்து, வெளிக்காத்து பட்டதும் மாறினதெண்டால் அதை பித்தம் எண்டு விடாதேங்கோ. வயசானவைக்கும் பிள்ளையளுக்கும்தான் முதல்ல தாக்கும்.

இங்க இப்பிடி திறந்த கீசரை வாகனத்துக்குள்ள பூட்ட விடவே மாட்டினம். எரியிற காத்தை வெளியால இருந்து எடுத்து புகையையும் வெளியாலயே விடுற, மூடின அமைப்பு உள்ள ஹீட்டர் மட்டும்தான். படுக்கிற இடத்துக்குக் கிட்ட கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒண்டு தனியா இருக்கும். சிலிண்டர் பெட்டியும் உள்பக்கம் காத்து வராமல் அடைச்சு, கதவு வெளியால, அடித்தளத்தில ஓட்டை. காஸ் காத்தை விட பாரம், ஒழுகினால் தண்ணி மாதிரி கீழ ஓடி றோட்டுக்குப் போயிடும்.

அந்த கீசரை இண்டைக்கே கழட்டுங்கோ. அம்மாவை ஒருக்கா டொக்டரிட்டயும் காட்டுங்கோ, கீசர் விசயத்தையும் மறக்காமல் சொல்லுங்கோ.

நீலகிரி_நாட்டான்

லண்டன் அண்ணா சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காத்து சமவெளிய விட ஏறக்குறைய கால் பங்கு மெலிசு. பர்னர் அதே அளவு கேஸ் விடும் ஆனா காத்து பத்தாது, அதான் மஞ்ச தீ. மஞ்ச தீன்னா கேஸ் சரியா எரியலைன்னு அர்த்தம், கார்பன் மோனாக்ஸைடு அதிகமா வரும். கோயமுத்தூர்ல தப்பிச்ச கீசர் ஊட்டில ஆளை அடிக்கறது இப்படித்தான்.

காலைல தீ சோர்ந்து போறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சிலிண்டர்ல புரொப்பேன், பியூட்டேன் ரெண்டும் கலந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42லயே ஆவியாகும், பியூட்டேனுக்கு ஜீரோவை ஒட்டின குளிரே போதும், ஆவியாகாம படுத்துக்கும். சிலிண்டர் தீரத் தீர புரொப்பேன் முதல்ல போயிரும், அடில மிஞ்சறது பியூட்டேன்தான். எங்க ஊர்ல தை மாசம் உறைபனி காலைல பாதி சிலிண்டரை வச்சுக்கிட்டு எல்லாரும் படற பாடுதான் இது.

ரோடுராஜா

சிலிண்டரை சுடுதண்ணி பாத்திரத்துல வச்சா நல்லா எரியும்னு எங்க ஆளுங்க பண்ணுவாங்களே?

நீலகிரி_நாட்டான்

பண்ணுவாங்க, பேப்பர்லயும் வருவாங்க. வேணாம். ஊட்டி போறதுக்கு முன்னாடி நெறைஞ்ச சிலிண்டரா மாத்திக்கிட்டு வாங்க, அவ்வளவுதான்.

அடுப்புக்கடை_அண்ணாச்சி

நாட்டான் சொன்னது சரி, ஆனா கீசரும் இதுல கூட்டாளிதான். ஒரு சின்ன இன்ஸ்டன்ட் கீசர் இழுக்கற கேஸ் அடுப்பு பர்னர் அஞ்சை ஒண்ணா திறந்து விட்ட மாதிரி. 5 கிலோ சிலிண்டருக்கு அவ்வளவு வேகமா ஆவி குடுக்க தெம்பு கிடையாது, குடுக்கக் குடுக்க அதுவே குளுந்து வெளில வேர்த்து போயிரும். அம்மா குளிச்ச உடனேதான் பால் வச்சிருப்பீங்க, சரியா?

சக்கரவீடு_கோவை

சரியா சொன்னீங்க அண்ணாச்சி. அம்மா குளிச்சிட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பாங்க 🙏

அப்ப ராத்திரி கத்தறது என்னதுங்க? எல்லாரும் தூங்கற நேரம், கீசரும் இல்ல அடுப்பும் இல்ல. ரெகுலேட்டர்ல லீக்கா?

வயர்மேன்_வடிவேல்

இது நம்ம டிபார்ட்மெண்ட். ராத்திரி வண்டியை எங்க நிறுத்துனீங்க, கரண்ட் எடுத்து பேட்டரி சார்ஜ் போட்டீங்களா? பேட்டரி தண்ணி ஊத்தற டைப்பா?

சக்கரவீடு_கோவை

ஆமாங்க, ஹோம்ஸ்டேல வயர் இழுத்து விடிய விடிய சார்ஜ் போட்டோம். தண்ணி ஊத்தற டியூபுலர் பேட்டரிதான்.

வயர்மேன்_வடிவேல்

அப்ப அது ஹைட்ரஜன். சார்ஜ் ஃபுல் ஆகற நேரத்துல, நடுராத்திரிக்கு மேல, அந்த பேட்டரி ஹைட்ரஜன் விடும், அது காத்தை விட லேசு, நேரா கூரைக்கு போகும். கூரைல உங்க டிடெக்டர். அந்த சென்சாருக்கு எரியற வாயு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், பாடி ஸ்ப்ரே அடிச்சாக்கூட கத்தும். பொய்யா கத்துதுன்னு விட்டுறாதீங்க, ஹைட்ரஜனும் வெடிக்கற சரக்குதான். பேட்டரிக்கு தனி அறை, வெளில காத்து போக வழி வேணும். டிடெக்டரை தரைல இருந்து ஒரு சாண் உயரத்துல அடுப்பு பக்கமா மாட்டுங்க. எல்பிஜி கீழதான் தேங்கும், நீங்க மேல மாட்டினா வண்டி பாதி நெறைஞ்சப்பறம்தான் அதுக்கே தெரியும்.

லண்டன்_வான்காரன்

வடிவேல் அண்ணை, கையைக் குடுங்கோ. எனக்கு இது ஓடவே இல்லை.

அடுப்புக்கடை_அண்ணாச்சி

தம்பி, வளைவுல வந்த வாடை இன்னும் பாக்கி. திரவம் ஏறி ரெகுலேட்டர்ல ஒழுகியிருக்கலாம், ஹோஸ்லயும் இருக்கலாம். யூ வடிவ தண்ணி ட்யூப் வச்சிருக்கற கேஸ் மெக்கானிக்கா பாத்து டெஸ்ட் பண்ணச் சொல்லு. தெளிவான ட்யூபை யூ மாதிரி வளைச்சு, ரெண்டு பக்கமும் அரை மீட்டராவது உயரம் வச்சு, தண்ணி ஊத்தி லைன்ல மாட்டுவாங்க. ரெகுலேட்டரை திறந்தா ரெண்டு பக்கத் தண்ணிக்கும் 30 சென்டிமீட்டர் சுமாருக்கு வித்தியாசம் காட்டும். அப்பறம் ரெகுலேட்டரை மூடிட்டு அஞ்சு நிமிசம் செட்டில் ஆக விட்டு, அடுத்த பத்து நிமிசம் தண்ணி இறங்குதான்னு பாக்கணும். இறங்குனா லீக். சோப்புத் தண்ணிக்கு அகப்படாதது இதுல அகப்படும்.

அதுவரைக்கும் வாடை வந்தா ரெகுலேட்டரை மூடு, கதவெல்லாம் திற, எல்லாரும் எறங்குங்க. லைட் சுவிட்ச், ஃபேன், வண்டி சாவி எதையும் தொடாத. கேஸ் லீக் அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணு, எந்த நேரமும் எடுப்பாங்க, போனையும் வண்டிக்கு வெளில தள்ளி நின்னு பேசு.

சக்கரவீடு_கோவை

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். அம்மாவை டாக்டர்கிட்ட காட்டினோம், கீசர் கதையை சொன்னதும் அவரு என்னை பாத்த பார்வை இருக்கே. இப்ப நல்லா இருக்காங்க, கசாயத்துலதான் சரியாச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க அது வேற விசயம்.

கீசரை கழட்டி அந்த லைனையே எடுத்தாச்சு, ஓட்டைக்கு பிளக் போட்டாச்சு. யூ ட்யூப் டெஸ்ட்ல பத்து நிமிசத்துல ஆறேழு சென்டிமீட்டர் இறங்குச்சுங்க! தேடினா, ஹோஸ் பிளைவுட் தடுப்பை தாண்டற இடத்துல, ஓட்டை வெளிம்புல உரசி உரசி ஆரஞ்சு தோல் போயி உள்ள கம்பி தெரியுது. நேரா கிடக்கும்போது முக்காவாசி அடைச்சுக்கும், வளைவுல வண்டி ஆடும்போது நல்லா திறக்கும். நிறுத்தி மோந்தா வாடை இல்லாததுக்கு அதுதான் காரணம்னு மெக்கானிக் சொன்னாரு. அவ்வளவு நாளா நான் சிலிண்டர் தலைலயே மூக்கை வச்சு மோந்துக்கிட்டு இருந்திருக்கேன். புது ஹோஸ், புது ரெகுலேட்டர், உள்ள ஓடற தூரத்துக்கு செம்பு குழாய், தடுப்பு ஓட்டைல ரப்பர் வளையம். டிடெக்டர் கீழ வந்துருச்சு, கார்பன் மோனாக்ஸைடு அலாரம் தனியா வாங்கி பெட்டுக்கு பக்கத்துல மாட்டியாச்சு. பேட்டரியை டிக்கிப் பக்கம் மாத்தி வெளிக்காத்து வர்ற மாதிரி ஜாலி வச்சாச்சு.

சிலிண்டர் பெட்டி மட்டும் இழுபறில இருக்கு. நிக்க வைக்கணும், கதவு வெளிப்பக்கம் வேணும், அடில ஓட்டை போடணும்னா பட்டறைக்காரரு முறைக்கிறாரு, “புது தகரத்துல ஓட்டை போட்டா துரு புடிக்கும், மழைத்தண்ணி ஏறும்”ங்கறாரு. எவ்வளவு பெரிய ஓட்டைங்க போடணும், லண்டன் அண்ணா?

லண்டன்_வான்காரன்

ஒண்டு போதாது, ரெண்டா போடுங்கோ, ஒண்டு சேறு அடைச்சாலும் மற்றது இருக்கும். பெட்டியின்ர தரையிலயே, மிகத் தாழ்வான மூலையில. அளவை வாகன காஸ் வேலை செய்யிற ஆளிட்டக் கேட்டு முடிவெடுங்கோ. எலி ஏறாமல் கம்பி வலை ஒண்டு, சக்கரத்துத் தண்ணி தெறிக்காமல் கீழ ஒரு சின்னத் தகட்டு மறைப்பு. எக்ஸோஸ்ட் குழாய்க்கு நேர மேல மட்டும் வேண்டாம். துருவுக்கு பெயிண்ட் அடிக்கலாம் எண்டு பட்டறைக்காரரிட்ட சொல்லுங்கோ.

அடுப்புக்கடை_அண்ணாச்சி

அந்த பட்டறைக்காரன் நம்பரை எனக்கு தனியா அனுப்பு தம்பி. நான் பேசறேன்.