தலைப்பிரசவம்: லீட்ஸிலா, பாளையங்கோட்டையிலா?

தச்சநல்லூரான்:
என் தங்கச்சி இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலை விசா. தலைப்பிள்ளை, இப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, இங்கேயே பேறுகாலம் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். "அங்க டாக்டரே பாக்க மாட்டாங்களாம். யாரோ ஒரு நர்ஸு டேப்பை வச்சு வயித்தை அளந்துட்டு அனுப்பிருதாளாம். இதுவரைக்கும் ஒரே ஒரு ஸ்கேன்தானாம்" என்று தினமும் புலம்பல். மாப்பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டான்:
யோசிக்காமல் கூட்டிவந்துவிடுங்கள் அண்ணாச்சி. நான் பட்டவன். 2019இல் என் மனைவிக்கு அங்கேதான் பிரசவம். இராத்திரி பதினோரு மணிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் பாரசிட்டமால் போடு, வெந்நீரில் உட்காரு, வீட்டிலேயே இரு என்றார்கள். மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் அதே பாட்டு. நாலு மணிக்கு நானே டாக்ஸி பிடித்துக் கூட்டிப்போனேன். சோதித்துப் பார்த்தால் கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது! டாக்ஸியிலேயே பிறந்திருந்தால் யார் பொறுப்பு? நம்ம ஊரில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசுப் பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் போதும், படுக்கையில் போட்டுவிடுவார்கள்.

வள்ளியூர் நர்ஸ்:
நான் அந்த நாட்டில் ஆறு வருடமாக வார்டில் வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று. அது "யாரோ ஒரு நர்ஸ்" இல்லை, மிட்வைஃப். பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்தவர். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை அவர்தான் கடைசிவரை பார்ப்பார், சிக்கல் என்றால் டாக்டரிடம் போகும். வழக்கமான ஸ்கேன் இரண்டுதான், 12 வாரம் வாக்கில் ஒன்று, 20 வாரம் வாக்கில் ஒன்று. தலைப்பிள்ளைக்குச் சுமார் பத்துத் தடவை பார்ப்பார்கள். நம் பெண்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 வாரத்துக்குமேல் குளுக்கோஸ் குடிக்கவைத்து ஒரு சோதனை உண்டு. அதைத் தவறவிடக் கூடாது என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

களக்காட்டு அண்ணாச்சி, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். போனில் மைனி பேசினார்களா, நீங்கள் பேசினீர்களா? என்ன சொன்னீர்கள்?

களக்காட்டான்:
அவள்தான் பேசினாள். "லிட்டில் பெயின், சாரி டு டிஸ்டர்ப்" என்றாள். நம்ம வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பேசும். அதைப் புரிந்துகொள்வது அவர்கள் வேலை இல்லையா?

வள்ளியூர் நர்ஸ்:
வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் அந்தக் குரலை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். பத்து நிமிடத்தில் எத்தனை தடவை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது, வலி வரும்போது பேச்சு நிற்கிறதா, பனிக்குடம் உடைந்ததா. இதை எண்ணிச் சொன்னால் பதில் வேறு மாதிரி வரும். கத்தாத பெண்ணுக்கு வலி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இதை நான் வார்டில் கண்ணால் பார்க்கிறேன்.

களக்காட்டான்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கே வெள்ளைக்காரிகளைவிட ஆசியப் பெண்கள் பிரசவத்தில் இறப்பது கூடுதல் என்று அவர்கள் அறிக்கையே சொல்கிறதே?

வள்ளியூர் நர்ஸ்:
ஆமாம், உண்மை. வெட்கப்பட வேண்டிய விஷயமும்கூட. ஆனால் மொத்தக் கணக்கையும் பாருங்கள். அங்கே 2020–22இல் லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 13 தாய்மார் மரணம். தமிழ்நாட்டில் 2018–20 கணக்குப்படி 54, அதுவே இந்திய சராசரியான 97ஐவிட எவ்வளவோ குறைவு. கணக்கெடுக்கும் முறை கொஞ்சம் வேறுதான். இருந்தாலும் இங்கே வந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று பேசாதீர்கள்.

அம்பை அக்கா:
இரண்டு ஊரிலும் பெற்றவள் நான், என்னையும் பேசவிடுங்கள்.

மூத்தவன் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். காலையில் போனேன், மத்தியானம் "தண்ணி வத்திருச்சு, ஆபரேஷன்" என்றார்கள். கையெழுத்துப் போட்டது என் மாமனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தேவையான ஆபரேஷனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் மட்டும் 63.8. (அங்கேயும் இப்போது கூடிக்கொண்டேதான் போகிறது, அது வேறு கதை.)

இளையவள் அங்கே. எனக்கு இங்கிலீஷ் வரும், வலியில் வராது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன், போனில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வந்தார். "நோ எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "எதுக்கு நோ சொல்லுதீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம்தான் புரிந்தது, எங்க ஆச்சி "நோக்காடு" என்பாளே, அதே நோவு! அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். பிள்ளை பிறந்ததும் டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். எங்க அத்தை பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் மிட்வைஃப் என் வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா, மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். வீட்டில் ஒன்றுமில்லை. ஆனால் மூத்தவன் பிறந்த பிறகு நான்கு மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை முதல்முதலாக அவரிடம்தான் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

களக்காட்டான்:
என்னையும் அப்படி வெளியே அனுப்பினார்கள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. சரி, உங்கள் கதையைப் படித்த பிறகு அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பிரசவத்துக்கு அப்புறம்? அப்பனுக்கு இரண்டு வாரம்தான் லீவு. மூன்றாவது வாரத்தில் இருந்து தனி வீட்டில், குளிரில், ஒரு பெண்ணும் ஒரு பச்சைப்பிள்ளையும். பூண்டுக் குழம்பு வைக்க ஆள் இல்லை, உளுந்தங்களி கிண்ட ஆள் இல்லை, இராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. மிட்வைஃபா வந்து வேது போட்டுக் குளிக்கவைப்பாள்?

ஜெர்மனி மருமகள்:
வேது போட மாட்டாள். ஆனால் இங்கே ஜெர்மனியில் வீட்டுக்கே வருவாள், ஹெபாமே என்று பெயர். முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், காப்பீட்டிலேயே அடக்கம். பால் கொடுக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, கர்ப்பம் உறுதியான வாரமே தேட ஆரம்பிக்க வேண்டும். மற்றபடி மூன்றாவது வாரத் தனிமை பற்றி களக்காட்டு அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

வள்ளியூர் நர்ஸ்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஊருக்கு வருவதானால் சீக்கிரம் முடிவெடுங்கள். 28 வாரத்துக்குமேல் பல விமானங்களில் டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36க்குமேல் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். இங்கே பிறந்தால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட், பிறகு விசா, அதுவரை அப்பன் வீடியோ காலில்தான். அங்கே பிறந்தால் குடியுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1983இல் இருந்தே அது தானாகக் கிடைப்பதில்லை. செலவு வேண்டுமானால் மிச்சம், விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்தில் பிரசவமும் அடங்கிவிடும்.

தாமிரபரணிக்காரி:
இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன். அம்மா சொன்னது, மாப்பிள்ளை சொன்னது எல்லாம் வந்துவிட்டது. தங்கச்சியிடம் கேட்டீர்களா அண்ணாச்சி?

தச்சநல்லூரான்:
கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். நேற்று இராத்திரி போன் போட்டேன். "அந்த மிட்வைஃப் எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. நான் இங்கயே பெத்துக்கிடுதேன். அம்மாவை மட்டும் அனுப்பிவை" என்றாள். அம்மாவுக்கு வருகையாளர் விசா போடப் போகிறோம், ஆறு மாதம் வரை இருக்கலாமாம்.

களக்காட்டான்:
விசா மறுத்துவிட்டால்? எங்க அத்தைக்கு மறுத்தார்கள். அதையும் யோசித்து வையுங்கள்.

தச்சநல்லூரான்:
அந்தப் பயம் இருக்கிறது அண்ணாச்சி. விசா வராவிட்டால் மாப்பிள்ளை வருட லீவையும் சேர்த்துப் போடுவதாகச் சொல்கிறார். அம்மா அதற்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். உடன்குடிக் கருப்பட்டி நாலு கிலோ, சுக்கு, பூண்டு, பெருங்காயம், ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய் ஒரு தூக்குவாளி.

வள்ளியூர் நர்ஸ்:
நெய்யை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பால் பொருள் எதுவும் இங்கேயிருந்து கொண்டுபோக முடியாது. கருப்பட்டி பரவாயில்லை.

தச்சநல்லூரான்:
சொல்லிவிட்டேன். நெய் இல்லாமல் எப்படிக் களி கிண்டுவது என்று ஒரு மணி நேரம் சண்டை. இப்போது அடுத்த கேள்வி, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட அங்கே வெந்நீர் போட விறகு கிடைக்குமா என்று. குழாயைத் திருப்பினாலே வெந்நீர் வரும் என்றேன். நம்பவில்லை.