மக்ரோ உள்ள எக்செல் பைலை வாடிக்கையாளருக்கு அனுப்பிய அனுபவங்கள்

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் கணக்கு எக்செல் செய்து கொடுக்கிறேன். அதிகம் போவது சம்பளப் பட்டியல். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் பங்கு 8%, முதலாளி பங்கு 12%, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% எல்லாம் கணக்காகி, ஒரு பொத்தானை அமத்தினால் ஒவ்வொருவரின் சம்பளச் சிட்டையும் தனித்தனிப் பிடிஎஃப்பாக வந்துவிடும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது மக்ரோ, பைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் சின்ன நிரல். முன்பெல்லாம் மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' அமத்தினால் வேலை முடிந்தது. 2022இல் மைக்ரோசொஃப்ட் இணையத்தால் வரும் பைல்களின் மக்ரோவை அடியோடு தடுக்கத் தொடங்கியபின் பட்டை சிவப்பாகிவிட்டது, அனுமதி கொடுக்கும் பொத்தானே அதில் இல்லை.

சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடை ஐயா போன் எடுத்தார்: "தம்பி, சிவப்பா ஒரு கோடு வருது, பட்டனை அமத்தினா அசையுதில்லை." நேரே போய்ப் பார்த்தால், எக்செலின் பாதுகாப்பு செட்டிங்கான ட்ரஸ்ட் சென்டரில் யாரோ ஏற்கெனவே 'எனேபிள் ஓல் மக்ரோஸ்' போட்டு வைத்திருக்கிறார்கள், வேறு யாரோ கொடுத்த பைலுக்காக. அதைப் போட்டாலும் இணையத்தால் போன என் பைலின் சிவப்புத் தடை நீங்காது, ஆனால் பென் டிரைவில் வருகிற எவருடைய பைலும் கேள்வி கேட்காமல் ஓடும். அவருடைய மெயிலிலோ முன்பின் தெரியாதவர்களிடமிருந்து 'கொட்டேஷன்' என்ற பெயரில் எக்செல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நான் அதைப் பழையபடி, கேட்டுவிட்டு ஓடுகிற நிலைக்கு மாற்றினேன். "அப்ப உம்மட பைல் எப்பிடித் தம்பி வேலை செய்யும்?" என்றார். நியாயமான கேள்வி.

அவருக்குக் காட்டிக் கொடுத்தது இதுதான். பைலில் ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், கீழே 'அன்பிளாக்' பெட்டியில் சரி போடுவது. பிரவுசரோ மெயிலோ பைலோடு ஒட்டி விடுகிற 'இது இணையத்தால் வந்தது' என்ற அடையாளம் அந்த ஒரு பைலில் மட்டும் நீங்கும், செட்டிங் எதுவும் மாறாது. ஆனால் சரி போடமுன் எனக்கு ஒரு கோல் எடுத்து, அனுப்பியது நான்தானா என்று கேட்கவேண்டும். மாதாமாதம் புதுப் பைல் போகிற இன்னொருவருக்கு டொக்கியுமென்ட்ஸுக்குள் தனிக் கோப்புறை ஒன்றை நம்பகமான இடமாகப் பதிந்து கொடுத்தேன், அதற்குள் இருக்கிற பைல்களின் மக்ரோ தடையில்லாமல் ஓடும். டவுன்லோட்ஸை அப்படிப் பதிந்தவர்களையும் கண்டிருக்கிறேன், அதற்குப் பூட்டே போடாமல் விடலாம்.

எழுதியது யார் என்று சான்றிதழோடு காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை மக்ரோவுக்குப் போடுவதுதான் முறையான வழி. முதல்தரம் அன்பிளாக் செய்து என்னை நம்பகமான வெளியீட்டாளராகச் சேர்த்துவிட்டால் அடுத்த பதிப்புகள் தானாக ஓடும். ஆனால் சான்றிதழ் காசு, 2023 ஜூனிலிருந்து அதன் ரகசியச் சாவியை டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்திருக்கவும் வேண்டும். தனியாள் தொழிலுக்குக் கட்டாது. ஓபிஸோடு வரும் செல்ப்சேர்ட்டால் நாமே செய்துகொள்ளும் சான்றிதழ் என் சொந்த மெஷினுக்குத்தான் சரி.

உங்களுக்கு எப்படி?

——

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணை, எங்கட வாடிக்கையாளர் ஒரு தொண்டு நிறுவனம். கொழும்புத் தலைமை அலுவலகம் பொலிசியிலேயே மக்ரோவைப் பூட்டி வைத்திருக்கிறது. விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று பார்த்தோம், பிறகு மக்ரோ உண்மையில் என்ன செய்கிறது என்று திறந்து பார்த்தால், பல பைல்களை ஒன்றாக அடுக்குவது மட்டும்தான். அதை எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி செய்யும், மக்ரோ இல்லாத சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைலே போதும். வெளித் தரவு இணைப்பு என்று ஒரு மஞ்சள் பட்டை வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் போன் வரும்.

——

நெல்லியடியிலிருந்து:

நான் வேறொன்றைச் சொல்கிறேன். சிலர் எல்லாத் தாள்களையும் ஒளித்துவிட்டு முதல் தாளில் 'மக்ரோவை அனுமதித்தால்தான் பார்க்கலாம்' என்று பெரிதாக எழுதி அனுப்புகிறார்கள். எமோடெட் போன்ற வைரஸ் பைல்கள் செய்த வேலையும் அச்சொட்டாக இதுதான்! நாங்களே வாடிக்கையாளரை அதற்குப் பழக்கி வைத்தால், நாளைக்குக் கள்ளன் அனுப்பும் பைலிலும் அவர் கேள்வியில்லாமல் அமத்துவார். என்னுடைய பைல்கள் மக்ரோ இல்லாமலே திறக்கும், கூட்டல் கழித்தல் எல்லாம் போர்முலாவில், பொத்தான் ஒரு வசதிக்கு மட்டும்.

இன்னொன்று, மக்ரோ காட்டும் செய்திப் பெட்டியான எம்எஸ்ஜி பொக்ஸில் தமிழ் எழுதினால் கேள்விக்குறி வரிசைதான் வரும், மக்ரோ எழுதும் விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. அதைக் கண்டு வைரஸ் என்று பயந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ச் செய்தியை ஒரு செல்லில் எழுதி வைத்து, யூசர்போர்ம் (நாமே வடிவமைக்கும் பெட்டி) லேபிளில் காட்டுங்கள்.

——

முதலில் எழுதியவர்:

நெல்லியடி அண்ணை சொன்ன தாள் ஒளிப்பு நான் பார்க்கிற ஒரு கடையில் வேறொருவர் கொடுத்த பைலில் அப்படியே இருக்கிறது. வருகிற கிழமை போகும்போது கதைத்துப் பார்க்கிறேன். யூசர்போர்ம் லேபிளுக்கு எந்த எழுத்துரு வைக்கிறீர்கள்? லதா சின்னதாகத் தெரிகிறது.