அப்பாவின் அம்ப்ளிஃபயரும் செத்துப்போன ஓடியோ கம்பனிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியான்:
அப்பா சவூதியில் வெல்டிங் வேலை செய்து, 1986இல் ஒரு ஜப்பான் அம்பும் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அம்ப்ளிஃபயர்) இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்தார். 1990இல் ஊரைவிட்டு ஓடும்போது பெட்டிகளை விட்டுவிட்டு, அம்பை மட்டும் நெல் மூட்டை ஒன்றுக்குள் இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றினாராம். அம்மா இன்றைக்கும் விடமாட்டார்: "சட்டி பானைய விட்டிட்டு இத ஏத்தின மனிசன்." பிறகு ஆசாரி ஒருவரைப் பிடித்துப் பலாப் பலகையில் புதுப் பெட்டி அடித்துக்கொண்டார்.

போன மாதம் வலது பக்கம் பாடவில்லை. டவுனில் ஒரு வயதான ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் முதலில் கொட்டியது நெல் உமி! அவர் ஒன்றும் பேசாமல் தூரிகையால் தட்டிவிட்டு, மின்னைத் தேக்கிவைக்கும் நான்கு கண்டென்சர்களைத் தொட்டுக் காட்டினார். தலை புடைத்துக் கிடந்தன. "வயசு போயிட்டு மகன், வேற ஒண்டுமில்ல. டிரான்ஸ்போமர் இன்னும் நாப்பது வருசம் கிடக்கும்." கம்பனிக்கு எழுதிக் கேட்கலாமா என்றேன். சிரித்தார். "கம்பனியா? அது எப்பவோ மண்டையப் போட்டிட்டு."

வீட்டுக்கு வந்து தேடினால் ஒன்றல்ல, வரிசையாகப் போயிருக்கிறார்கள். கசட் நாடா ஓடும்போதே அதைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் தானாகத் திருத்திக்கொள்ளும் டிராகன் கசட் டெக்கை 1982இல் இறக்கிய நகமிச்சி, 2002இல் திவால். 1947இல் தொடங்கிய சன்சுய் 2014இல். ஒன்கியோ 2022இல். எனக்குத் தோன்றுவது இதுதான்: அப்பாவின் காசு அந்தக் கம்பனிக்குப் போனது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சதம் போகவில்லை. போவதெல்லாம் ரிப்பேர்காரருக்குத்தான்.

கல்முனைக் கடைக்காரன்:
பாதிதான் சரி தம்பி. நான் கல்முனையில் பதினொரு வருடம் செட் கடை வைத்திருந்தவன். வெளிநாட்டு ஸ்பீக்கர் சோடி ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறவர்களுக்கென்று கடையில் போட்டேன். ஐந்தரை லட்சம் அப்படியே முடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு டொக்டர் வருவார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கேட்பார், கண்ணை மூடித் தலையாட்டுவார். மறுகா ஒருநாள் போன்: கொழும்பில் ஒருவர் பாவித்த சோடி அரை விலைக்குக் கிடைத்ததாம், வாங்கிவிட்டாராம். என் புதுச் சோடிக்குப் போட்டி வேறு கம்பனியில்லை. அதே கம்பனி பதினைந்து வருடத்துக்கு முன்பு செய்த சோடி!

ஸ்பீக்கர் செய்கிற கம்பனிக்காரன் பாடும் இதுதான். பெட்டிக்கு அச்சு, மரவேலை, சோதனை என்று காசு முதலிலேயே இறங்கிவிடும். போன் தயாரிக்கிறவன் அதைக் கோடிக்கணக்கான போன்களில் பிரித்துப் போடுவான். இவனுக்குச் சில நூறு சோடிதான். விலையை ஏற்றுவான், வாங்குகிறவர் குறைவார், குறைந்ததால் இன்னும் ஏற்றுவான். என் கடையை மூடியது அதுவுமில்லை. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் அம்ப் வாங்க யார் வருவார்?

வார்டு தாதி:
எனக்கு அம்பும் தெரியாது கிம்பும் தெரியாது, வீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பைத்தியம். 2022இல் ஒருநாள் நைட் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, இவர் வாசலில் நிற்கிறார்: "உங்கட மெஷின்காரன் எங்கட ஸ்பீக்கர் கம்பனிய வாங்கிட்டான்!" விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி செய்கிற மாசிமோவைத்தான் சொன்னார். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனன், மராண்ட்ஸ் எல்லாம் அடங்கிய சவுண்ட் யுனைட்டெட் கம்பனியை 100 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள். செய்தி வெளியானதுமே மாசிமோவின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்ததாம். 2025இல் அதையே 35 கோடி டொலருக்கு ஹார்மனுக்கு விற்றுவிட்டார்கள். மூன்று வருடத்தில் இவ்வளவு சேதாரம் எந்த நகைக்கடையிலும் வெட்டமாட்டார்கள். ஹார்மன் யாருடையது என்று கேட்டேன். சாம்சங்குடையதாம். கடைக்கார அண்ணன் சொன்ன அந்தப் போன்காரன் வீட்டுக்குத்தான் கடைசியில் போயிருக்கிறது.

சடங்கு சவுண்ட்ஸ்:
நான் கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன். வைகாசியில் அம்மன் சடங்கு தொடங்கினால் பெட்டிகள் இரவு பகலாகக் கத்தும், மழையிலும் நனையும். இரண்டு மூன்று ஸ்பீக்கராவது கட்டாயம் எரியும். எரிந்தால் அடுத்த சடங்குக்கு முன் வாங்கியே ஆகவேண்டும். எனக்கு விற்கிறவனுக்கு வருடா வருடம் வியாபாரம் இருக்கிறது. வீட்டுக்குள் மெல்லமாகப் பாட்டுக் கேட்கிற உங்கள் அப்பாவிடம் என்ன எரியப் போகிறது? என் மகனுக்கு இருபது வயது. இவ்வளவு பெட்டியும் வீட்டில் கிடக்க, அவன் ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறான். அவனுக்கு யார் அம்ப் விற்பது?

கல்லடியான்:
எல்லாருக்கும் நன்றி. அம்ப் நேற்று வந்துவிட்டது. கண்டென்சரும் கூலியுமாக 6,500 ரூபா. அப்பா வலது பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

ஒரு சின்ன உதவி. இடது வலது சத்தத்தைச் சமன்செய்யும் பேலன்ஸ் குமிழ் 1990இல் வண்டியிலேயே எங்கோ விழுந்துவிட்டது, இவ்வளவு காலமும் ஒரு பேனா மூடியைச் செருகித்தான் திருப்புகிறோம். வெள்ளி நிறம், ஓரத்தில் வரி வரியாக இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. கழற்றிப் போட்ட பழைய செட் யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.